பேசாமல் இருந்த ஆறு வாரம்

செப்டம்பர் 9, செவ்வாய்

மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். ஒரே ஒரு வார்த்தை கூட.

ஜூன் மாதத்திலிருந்து தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது. மிளகு, சுக்கு, பனங்கற்கண்டு எல்லாம் தின்றாகிவிட்டது. இன்று பாக்கியம் லீவு போட்டு என்னைப் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவள் என்னை எங்காவது இழுத்துக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை.

டாக்டர் சின்னப் பெண். மூக்கு வழியாகக் குழாய் விட்டு டிவியில் காட்டினார். குரல் நாணில் ஒரு சின்ன வீக்கம், முளைவிட்ட பட்டாணி மாதிரி.

"மூணு வாரம் முழு ஓய்வு. வத்தினா சரி. வத்தலைன்னா வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

"கிசுகிசுன்னு பேசலாமா?" என்று கேட்டேன்.

"அது சத்தமா பேசறதைவிட மோசம்."

"பாட்டு?"

டாக்டர் பாக்கியத்தைப் பார்த்தார். "நான் பாத்துக்கிறேன் டாக்டர்" என்றாள் அவள். அந்த முகத்தில் கவலையும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் இறங்கியதும் எனக்கு ஒரு சிலேட்டும், இந்த நோட்டும் வாங்கிக் கொடுத்தாள். சிலேட்டு மற்றவர்களுக்காக. நோட்டு எனக்காக. எங்கேயாவது பேசித் தீர்க்க வேண்டுமே.

செப்டம்பர் 10, புதன்

மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயில். பதினாறு வருடமாக அதே பெட்டி, அதே ஜன்னல். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலை எனக்கு. அதற்குப் போக ஒரு ரயில், வர ஒரு ரயில். நடுவில் நான் பேசுகிற பேச்சுக்குச் சம்பளம் கொடுத்தால் வேலையே தேவையில்லை என்பான் கூட வரும் நண்பன் தசரதன்.

சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'டாக்டர் பேசக் கூடாது என்றார்.'

தசரதன் படித்தான். எழுந்து நின்று பெட்டி முழுவதும் கேட்கும்படி அறிவித்தான். "எல்லாரும் கேளுங்க! ஃப்ரெடி மூணு வாரம் பேச மாட்டான்!" கைதட்டினார்கள். பங்காருப்பேட்டையில் ஏறிய பிரதாப், விஷயம் தெரிந்ததும் எல்லோருக்கும் டீ சொன்னான். எனக்கும் ஒன்று.

"இன்னா அண்ணா, ரயில் ஓடுற சத்தம் இன்னிக்குத்தான் கேக்குது" என்றான்.

சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரிக்கவும் கூடாதே என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பாக்கியம் எனக்குப் பேர் வைத்துவிட்டாள். சகரியா. பைபிளில் வரும் யோவான் ஸ்நானனின் அப்பா. தேவதூதன் சொன்னதை நம்பாததால் பிள்ளை பிறக்கும்வரை ஊமையாக இருந்தவர்.

லூக்காவைத் திறந்து முதல் அதிகாரம் முழுவதும் படித்தேன். பிறகு சிலேட்டில்: 'அவர் நம்பவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?'

"நீங்க நம்பினீங்க. ஆனா யாரையும் பேச விடலை" என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போனாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயில். பத்தொன்பது வருடமாகக் கொயரை, அதாவது பாட்டுக் குழுவை, நடத்துகிறேன். இன்று குழுவில் பாடும் ஜூடித் நடத்தினாள். நான் கடைசி பெஞ்சில்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். என் கொயரை நான் இன்றுதான் கேட்டேன். நடத்தும்போது நான்கு குரலுக்கும் சேர்த்து நானே பாடுவேன்; அவர்கள் தடுக்கிவிடக் கூடாதே என்றுதான். இன்று அவர்களாகப் பாடினார்கள். இரண்டு இடத்தில் தடுக்கினார்கள், எழுந்தார்கள். மாணிக்கராஜின் கீழ்க்குரல் - என்ன ஆழம்! இத்தனை வருடம் இந்த மனிதர் எனக்குப் பின்னால் நின்று இப்படியா பாடிக்கொண்டிருந்தார்?

போதகர் ஐயா சாலொமோனைப் பற்றிப் பேசினார். என்ன வேண்டும் கேள் என்று ஆண்டவர் சொன்னபோது, செல்வமோ நீண்ட ஆயுளோ கேட்காமல் ஞானத்தைக் கேட்டவன். "ஞானமுள்ள இருதயம்னு நாம வாசிக்கிறோம். எபிரெயத்துல அது கேட்கிற இருதயம்" என்றார். கேட்கிற இருதயம்.

என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. கொயர்க்காரர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்ததாலும் இருக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

தசரதன் டிசம்பரில் ரிடையர் ஆகிறான். எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரியாத விஷயம்: அவனுக்குப் பயம். விடிந்தால் எங்கே போவது என்று தெரியவில்லையாம். வீட்டில் மனைவி குணசுந்தரியிடம் இதைச் சொன்னால் அவள் கலங்கிவிடுவாளாம். இன்று மாலை ரயிலில் பிரதாப் இறங்கிப் போன பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

'ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை?' என்று எழுதிக் காட்டினேன்.

"நீ எங்கடா சொல்ல உட்ட?"

கோபமில்லாமல்தான் சொன்னான். அதனால்தான் உறைத்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேராக எழுத முடியவில்லை.

நிக்கோல் - என் ஒரே மகள் - ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனிக்குப் போகப் போகிறாள். அதற்காகச் சனிக்கிழமைதோறும் பெங்களூரில் ஜெர்மன் வகுப்பு. கோயிலில், ரயிலில், கம்பெனியில், என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். நான்தானே சொன்னேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"டாடி, ஒண்ணு சொல்லணும். நீங்க பேச முடியாதப்பவே சொல்லிடறேன். நான் ஜூனோட ஜெர்மன் கிளாஸை நிறுத்திட்டேன்."

பூண்டு கீழே விழுந்தது.

"சனிக்கிழமை ஆஸ்பத்திரி வேன்ல பேத்தமங்களா பக்கம் போறேன். படுத்த படுக்கையா கீறவங்களை வீட்டுக்கே போய்ப் பாக்குற வேலை. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. அதுக்குன்னே வேலூர்ல ஒரு வருஷப் படிப்பு இருக்கு. அப்ளை பண்ணிட்டேன். மம்மிக்குத் தெரியும்."

வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவள் என் உதட்டில் விரலை வைத்தாள். "டாடி. தொண்டை."

எழுந்து வெளியே போய்விட்டேன். பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவுமண் குவிந்த சயனைடு மேடு வரை நடந்தேன். மேட்டைப் பார்த்துக் கத்தலாம் என்றால் கத்தவும் முடியாது. மூணு மாசம்! மூணு மாசமா பொய் சொல்லிக்கினு இருந்திருக்கா என் பொண்ணு! பாக்கியத்துக்கும் தெரியும்! எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! ரயில்ல எல்லார்கிட்டயும் இன்னா சொல்லுவேன்?

திரும்பி வந்து மூன்று பக்கம் எழுதினேன், அவளுக்குக் கொடுக்க. நாளைக் காலை கொடுப்பேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கொடுக்கவில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

கடிதத்தில் ஒரு வசனம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே. எபேசியர் ஆறாம் அதிகாரம். மனப்பாடம்தான், இருந்தாலும் ஒரு எழுத்தும் தப்பக் கூடாதென்று ரயிலில் பைபிளைத் திறந்தேன். முதல் வசனம் இருந்தது. சந்தோஷமாகப் பென்சிலால் கோடு போட்டேன். கண் கீழே இறங்கியது. நான்காவது வசனம் தகப்பன்மாருக்கு. உங்கள் பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதிருங்கள் என்கிறது.

இந்த வசனத்தை எத்தனை தடவை கோயிலில் சத்தமாக வாசித்திருப்பேன்? ஒரு தடவையாவது காதில் விழுந்ததா?

அதோடு விடவில்லை. எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்காதா என்று யாக்கோபின் நிருபத்தைப் புரட்டினேன். அங்கே போனது பெரிய தப்பு. கேட்பதில் வேகம் வேண்டும், பேச்சிலும் கோபத்திலும் நிதானம் வேண்டும் என்று இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், ஞானம் குறைவாக இருப்பவன் ஆண்டவரிடம் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்றும் இருக்கிறது.

கடிந்துகொள்ளாமல். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நான் என் மகளுக்கு எழுதிய மூன்று பக்கத்தில் கடிந்துகொள்ளாத வரி ஒன்றாவது உண்டா?

ஒயிட்ஃபீல்டில் இறங்குவதற்குள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். ஆண்டவரே, எனக்கு ஞானம் குறைவு. கொடும். அவ்வளவுதான். என் வாழ்நாளிலேயே மிகச் சின்ன ஜெபம் இதுவாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 24, புதன்

நிக்கோலிடம் சிலேட்டை நீட்டினேன். 'உனக்கு ஏன் அந்த வேலை பிடித்திருக்கிறது?' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒரு மணி நேரம் பேசினாள். சிறுவயதில் கதை சொல்லும்போது அவளுக்கு இருந்த முகம் திரும்பி வந்திருந்தது.

செப்டம்பர் 27, சனி

கூடப் போனேன். பார்க்காமல் எப்படி நம்புவது?

பேத்தமங்களா தாண்டி ஒரு வீடு. வெங்கடம்மா என்ற அம்மாள் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கையில். பேச்சு மட்டும் குறையவே இல்லை. கன்னடமும் தெலுங்கும் கலந்து கொட்டுகிறார். பார்த்துக்கொள்வது மகள் பார்வதம்மா.

நான் சும்மா நிற்பதைப் பார்த்து, "மாத்து பரல்வா இவரிகெ?" என்றார் வெங்கடம்மா. இவருக்குப் பேச்சு வராதா என்று அர்த்தம். நிக்கோல் வேண்டுமென்றே தலையாட்டினாள். "அய்யோ பாப!" என்று அந்த அம்மாள் எனக்காக வருத்தப்பட்டு, காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சைகையில் சொல்ல ஆரம்பித்தார். படுத்த படுக்கையாக இருக்கிறவர் எனக்குப் பரிதாபப்பட்டு மகளிடம் சொல்லி வேர்க்கடலை கொடுக்க வைத்தார். நானும் பவ்யமாக வாங்கித் தின்றேன்.

வெங்கடம்மாவுக்கு முதுகில் புண். நிக்கோல் அதைக் கழுவிக் கட்டுப் போட்டாள். அவசரமே இல்லை. அந்த அம்மாள் மருமகளைப் பற்றி, மாட்டைப் பற்றி, ஏரித் தண்ணீரைப் பற்றி என்னென்னவோ சொல்ல, நிக்கோல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். கடைசியில் வெங்கடம்மா அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவில்லை.

நான் பெற்ற பிள்ளைதான். இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை என்பது உறுதி.

வேனில் வரும்போது சிலேட்டில் எழுதினேன்: 'வேலூருக்கு இன்டர்வியூ எப்போது?'

அவள் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வீக்கம் வற்றவில்லை. அடுத்த செவ்வாய் ஆபரேஷன். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்புவார்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை பாக்கியம் என் மணிக்கட்டை விடவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பயமா இருக்கு. யாரிடம் மறைப்பது, நோட்டிடமா? அந்த வியாதியாக இருந்தால்? குரலே போய்விட்டால்? பாடாத ஃப்ரெடி யாருக்கு வேண்டும்?

காலையில் எலியாவைப் பற்றிப் படித்தேன். பஞ்ச காலத்தில் கேரீத் ஆற்றோரம் ஒளிந்திருந்தவருக்குக் காகங்கள் சாப்பாடு கொண்டுவந்தன. ஞாயிறு பள்ளியில் நூறு தடவை சொல்லிக்கொடுத்த கதை. இன்று இரண்டு விஷயம் புதிதாகத் தெரிந்தது. ஒன்று, காகம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் வந்தது. ஒரு வாரத்துக்கு மொத்தமாகக் கொண்டுவந்து போடவில்லை. இரண்டாவது, அந்த ஆறு வற்றிவிட்டது. ஆண்டவர் காட்டிய ஆறுதான், அதுவே வற்றிவிட்டது. வற்றிய பிறகுதான் அடுத்த ஊரைச் சொன்னார்.

அப்படியென்றால் ஆறு வற்றுவதும் கைவிடுவதும் ஒன்றில்லை. இதை எழுதிய பிறகும் பயம் இருக்கிறது. ஆனால் தனியாக இல்லை என்பது மாதிரி ஒரு பயம். இது வேறு.

பாக்கியம் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். காலையிலும் இதே கஞ்சிதான். சிலேட்டில் 'காகம்' என்று எழுதிக் காட்டினேன். கறுப்பாக இருக்கிறேன் என்கிறீர்களா என்று கரண்டியைத் தூக்கிவிட்டாள். விளக்கி எழுதுவதற்குள் சிலேட்டின் இரண்டு பக்கமும் தீர்ந்துபோனது.

அக்டோபர் 8, புதன்

நேற்று வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் மௌனம். ரிசல்ட் வர பத்து நாள் ஆகலாம். தொண்டைக்குள் மணல் கொட்டிய மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

போதகர் ஐயா வீட்டுக்கு வந்து ஜெபித்தார். இருபத்தாறாம் தேதி அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வருகிற காய்கறி, கோழி, பூசணி எல்லாவற்றையும் ஏலம் விடுவது நான்தான், வருடாவருடம். மைக் இல்லாமல்.

"இந்த வருஷம் யாரை விடலாம் ஃப்ரெடி?"

யாரை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "நான் பண்றேன் ஐயா" என்று அடுக்களையிலிருந்து பாக்கியத்தின் குரல். நான் சிரித்துவிட்டேன். ஐயா சிரிக்கவில்லை. "சரிம்மா" என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

அந்த வியாதி இல்லை! இல்லை! இல்லை!

ரிப்போர்ட்டை முதலில் நிக்கோல்தான் வாங்கிப் படித்தாள். அவள் கண் வரிவரியாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை நிமிடத்தில் எனக்கு எந்த வசனமும் ஞாபகம் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே, அது மட்டும்தான். அவள் நிமிர்ந்து, "ஒண்ணுமில்ல டாடி, சாதாக் கட்டிதான்" என்றாள்.

கத்த முடியாதே! ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். ஒரு வாட்ச்மேன் ஓடி வந்தார். எனக்காகப் பாக்கியம் அழுதாள், சிரித்தாள், அந்த வாட்ச்மேனுக்கும் தோத்திரம் சொன்னாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். குரல் வரும், ஆனால் பழைய மாதிரி வராது. கரகரப்பு நிற்கும். மேல் ஸ்தாயி எட்டாது. கொயரில் பாடுவதை மறந்துவிடலாம்.

கேட்டுக்கொண்டேன். வலித்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே வலித்தது. ஆனாலும் கையில் அந்த ரிப்போர்ட் இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்றிலிருந்து தினமும் ஐந்து நிமிடம் பேசலாம். முதல் வார்த்தை ஆண்டவருக்குத் தோத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். காலையில் எழுந்து, முகம் கழுவி, இருவரையும் உட்கார வைத்து ஆரம்பிக்கலாம் என்று அடுக்களைக்குள் நுழைந்தேன்.

"பால் பொங்குது!"

ஆறு வாரத்துக்குப் பிறகு என் முதல் வார்த்தை. தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல். பாக்கியம் அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். பால் முழுவதும் வழிந்துபோனது. மூன்று பேரும் கறுப்பு காபி குடித்துவிட்டு ஜெபம் செய்தோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. எங்கே ஆரம்பிப்பது?

ஜூடித் கொயரை நடத்தினாள். நல்லாவே இருந்தது. நான் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்காது. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன். ஆராதனை முடிந்ததும் அவளிடம் போய், "இனிமே நீயே நடத்துமா" என்றேன். "நீங்க?" என்றாள். "நான் கேக்குறேன்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. மாணிக்கராஜ் வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு ஏலம். பாக்கியம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெஞ்சின் மேல் ஏறினாள். முதலில் ஒரு பூசணிக்காய். வாய் திறந்தாள் பாருங்கள் - மரத்தில் இருந்த காக்கா எல்லாம் பறந்துவிட்டது. "இன்னா எல்லாரும் தூங்குறீங்களா? பூதிகோட்டை பூசணி இது! கேளுங்க, சும்மா வாய் திறந்து கேளுங்க!" நான் நடத்திய வருடங்களில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை. குணசுந்தரியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த தசரதன் வாங்குகிற எண்ணமே இல்லாமல் கைதூக்கி, ஒரு சேவலுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான்.

இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இந்தக் குரல் எங்கே இருந்தது?

இருந்தது. என் குரலுக்கு அடியில் இருந்தது.

நவம்பர் 5, புதன்

வேலூரில் இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் வகுப்பு. ரயிலில் நானே சொன்னேன். "ஜெர்மனி இன்னா ஆச்சு அண்ணா?" என்றான் பிரதாப். "என் பொண்ணு இங்கயே இருக்கப் போறா" என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் 22, சனி

இப்போது சனிக்கிழமைகளில் நானும் வேனில் போகிறேன். நிக்கோல் கட்டுப் போடும் வீடுகளில் நான் உட்கார்ந்திருப்பேன். தசரதனும் டிசம்பருக்குப் பிறகு வருகிறானாம்; நோயாளிகளோடு சீட்டாடுவதாக உத்தேசம்.

இன்று புதிதாக ஒரு வீடு. சாம்பியன் ரீஃப் பகுதியில் ஆர்தர் என்ற பெரியவர், எங்கள் சபைதான். சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். பாறைத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. கோயிலுக்கு வந்து நான்கு வருடமாகிறது. ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார். இருபத்து மூன்றாம் சங்கீதத்தை எடுத்தேன். இந்தக் குரலில் வாசிக்க வெட்கமாக இருந்தது. நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. மேய்ப்பன். புல்வெளி. தண்ணீர். நிறுத்தி, நிறுத்தி, மெதுவாக. அவரும் மூச்சுக்கு நிறுத்துகிறவர்தான். என் நிறுத்தமும் அவர் நிறுத்தமும் ஒன்றாக வந்தன.

முடித்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஃப்ரெடி."

"சொல்லுங்க ஐயா."

"மின்ன நீ கோயில்ல வாசிப்பியே... அப்போ உன் குரல் கேக்கும். நல்ல குரல்." மூச்சு வாங்கினார். "இன்னிக்கு வசனம் கேட்டுச்சு."

நிக்கோல் கட்டுத்துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் நூற்று மூன்றாம் சங்கீதம் வேண்டுமாம். கொஞ்சம் நீளம். என் தொண்டைக்கும் அவர் மூச்சுக்கும் இரண்டு சனிக்கிழமை ஆகும். பரவாயில்லை என்றார்.